தாய்லாந்து மக்களும் அவர்களது அன்றாட வாழ்வும்: பயணம் செல்லும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாய்லாந்தின் கடற்கரைகள், இரவுச் சந்தைகள், விடுதிக் கட்டணங்கள் ஆகியவற்றைப் பற்றித் தமிழில் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அந்நாட்டு மக்களோடு பழகும்போதும், அவர்களது கோயிலிலும் கடையிலும் படகிலும் நிற்கும்போதும் எழும் ஐயங்களுக்கான விடைகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பாங்காக், அயுத்தயா, சியாங்மாய், தெற்கிலுள்ள சில ஊர்கள் ஆகிய இடங்களில் கண்டவையும், அவற்றைப் புரிந்துகொள்வதற்காகப் படித்தவையும் இவ்விடைகளுக்கு அடிப்படை.

கைகூப்பி வணங்குவது நமக்கும் பழக்கம்தானே. அங்கும் அப்படியே செய்தால் போதாதா?

செயல் ஒன்றுதான் என்றாலும் அதன் இலக்கணம் வேறு. யார் முதலில் வணங்க வேண்டும் என்பது அங்கே வயதையும் நிலையையும் பொறுத்தது. இளையவர் முதலில் கைகூப்புவார். மூத்தவர் அதை ஏற்றுத் தாமும் கைகூப்புவார், அல்லது ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொள்வார். கூப்பிய கைகளின் உயரமும் எதிரில் இருப்பவரைப் பொறுத்து மாறுகிறது. சம வயதினருக்குக் கட்டைவிரல்கள் மோவாய் அளவிலும், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மூக்கு நுனி அளவிலும், துறவியருக்கும் புத்தர் திருவுருவுக்கும் புருவ நடுவிலும் அமைய, அதற்கேற்பத் தலையும் தாழ வேண்டும். துறவியர் பொதுமக்களின் வணக்கத்தை ஏற்பார்களே தவிர, திரும்ப வணங்கமாட்டார்கள். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விடுதி ஊழியரும் கடைப் பணியாளரும் வணங்கும்போது புன்னகையோடு தலையசைத்தால் போதும். சிறுவர்களைப் பார்த்து நாம் முதலில் கும்பிட்டால் அவர்கள் கூச்சப்படுவார்கள். உடனிருக்கும் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும்.

முன்பின் அறியாதவரை எப்படி அழைப்பது?

இதில் தமிழருக்குச் சிரமமே இல்லை. நாம் கடைக்காரரை அண்ணா என்றும் அக்கா என்றும் அழைப்பதுபோல, அவர்கள் தம்மைவிட மூத்தவரை ஆண் பெண் வேறுபாடின்றிப் ‘பீ’ என்றும் இளையவரை ‘நோங்’ என்றும் அழைக்கிறார்கள். இன்னும் வயது முதிர்ந்தவர்களுக்கு மாமா, அத்தை போன்ற உறவுப் பெயர்கள் உண்டு. மரியாதையாகப் பேச வேண்டிய இடத்தில் பெயருக்கு முன்னால் ‘குன்’ என்று சேர்ப்பார்கள். அந்தப் பெயர் குடும்பப் பெயர் அன்று, இயற்பெயர். ஆறாம் ராமர் எனப்படும் வஜிராவுத் மன்னர் 1913இல் சட்டம் இயற்றும்வரை பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஒரு குடும்பத்தின் பெயரை மற்றொரு குடும்பம் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதியினால் பிற்காலத்துக் குடும்பப் பெயர்கள் மிக நீண்டு போயின. அன்றாடப் புழக்கத்தில் இவை எதுவும் தேவைப்படுவதில்லை; வீட்டில் வைத்த ஓரசைச் செல்லப் பெயரே அலுவலகம்வரை கூட வருகிறது.

தலையைத் தொடக் கூடாது, காலை நீட்டக் கூடாது என்கிறார்களே, அவ்வளவு கடுமையானதா?

ஆம். தலை உடலின் உயர்ந்த பகுதி, பாதம் தாழ்ந்த பகுதி என்ற எண்ணம் அங்கே நடை உடை எல்லாவற்றையும் ஆள்கிறது. குழந்தையின் தலையைத் தடவிக் கொஞ்சுவதைத் தவிர்க்கலாம். அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு முன்னால் கடந்து செல்ல நேர்ந்தால், முதுகைச் சற்று வளைத்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டு நடக்கிறார்கள். தொடர்வண்டியின் நடைபாதையில்கூடப் பள்ளிச் சிறுமியர் இப்படிக் குனிந்து போவதைக் காணலாம். கோயிலில் தரையில் அமரும்போது இரு பாதங்களும் ஒரு பக்கமாகப் பின்னோக்கி மடங்கியிருக்க வேண்டும். சம்மணமிட்டு அமர்வதில் பெருந்தவறு இல்லை. ஆனால் கால் வலிக்கிறது என்று புத்தருக்கு நேராக நீட்டிவிட்டால், காவலரோ அருகிலிருக்கும் பாட்டியோ வந்து தொடையைத் தட்டுவார்கள். காலால் கதவைத் தள்ளுவதும், கீழே கிடக்கும் பொருளைக் காலால் காட்டுவதும் நம் ஊரிலும் மரியாதைக் குறைவுதான். அங்கே அது இன்னும் ஒரு படி கூடுதலாக உறைக்கும்.

கோயிலுக்குள் செல்லும்போது கவனிக்க வேண்டியவை எவை?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பாங்காக் அரண்மனை வளாகத்தில் இதை நுழைவாயிலிலேயே பார்க்கிறார்கள். செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்வதும் அப்படியே.

நமக்குப் பழக்கமில்லாத ஒன்று, துறவியரைப் பற்றிய விதி. பெண்கள் துறவியரைத் தொடக் கூடாது. ஒரு பொருளைக் கையிலிருந்து கைக்கு நேராகக் கொடுக்கவும் கூடாது. பெண் காணிக்கை அளிக்கும்போது துறவி தம் முன்னே ஒரு துணியை விரிக்க, பொருளை அதன்மேல் வைப்பார்கள். பேருந்திலும் விமான நிலையத்திலும் துறவியருக்கென இருக்கை ஒதுக்கப்பட்டிருக்கும். காலியாக இருக்கிறதே என்று அதில் அமர வேண்டாம்.

அதிகாலையில் துறவியர் உணவு ஏற்பதைப் பார்க்கலாமா? நாமும் கொடுக்கலாமா?

பார்க்கலாம், கொடுக்கவும் செய்யலாம். என்னைக் கேட்டால் அரண்மனைக்குச் செல்லாவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது என்பேன். ஏறத்தாழ ஆறு மணிக்கு, காவியுடை அணிந்த துறவியர் வெறுங்காலோடு, பாத்திரத்தை அணைத்தபடி சந்தைத் தெருக்களில் வருகிறார்கள். சந்தை வாசலில் காணிக்கைத் தொகுப்பு விற்கும் பெண்ணின் மேசையில் ஒரு பொட்டலம் சோறு, ஒரு பை குழம்பு, தண்ணீர்ப் புட்டி, வாழையிலையில் சுருட்டிய பூ ஆகியவை தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கும். குழம்பை நெகிழிப் பையில் ஊற்றி, காற்றோடு பை உப்பி நிற்கும்படி ரப்பர் வளையத்தை இரண்டு சுழற்றுச் சுழற்றி இறுக்கும் அந்த விரல்களின் வேகம் நம் ஊர் உணவுக் கடைகளில் சாம்பார் கட்டுபவருக்குச் சற்றும் குறைந்ததன்று.

கொடுப்பவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திரத்தில் உணவை இடுகிறார். பிறகு மண்டியிட்டுக் கைகூப்ப, துறவி பாலி மொழியில் வாழ்த்தோதுகிறார். அந்நேரத்தில் பலர் ஒரு சிறு குடுவையிலிருந்து கிண்ணத்தில் நீரைத் தாரையாக வார்ப்பார்கள். ஈட்டிய புண்ணியத்தை இறந்துபோன உறவினருக்குப் பகிர்ந்தளிக்கும் சடங்கு அது. வார்த்த நீரை மரத்தடியில் ஊற்றிவிடுவார்கள். துறவியர் நண்பகலுக்குப் பிறகு உண்பதில்லை என்பதால் மாலையில் உணவு வாங்கிக்கொண்டு போவதில் பயனில்லை. படம் எடுப்பதாக இருந்தால் சற்றுத் தள்ளி நின்று எடுங்கள். துறவியின் முகத்தருகே கைப்பேசியை நீட்டும் பயணிகள் எல்லா நாட்டிலிருந்தும் வருகிறார்கள், நம்மவரும் இருக்கிறார்கள்.

எங்கு பார்த்தாலும் பிள்ளையாரும் பிரம்மாவும் இருக்கிறார்களே, அவர்களும் இந்துக்களா?

மக்களில் மிகப் பெரும்பான்மையினர் தேரவாத பௌத்தர். ஆனால் இந்து தெய்வங்களும், நிலத்துக்குரிய காவல் ஆவிகளும் அந்தப் பௌத்தத்தோடு பூசலின்றி ஒரே தெருவில் வாழ்கின்றன. பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்துக்குள் தேவரும் அசுரரும் பாற்கடலைக் கடையும் பெருஞ்சிற்பம் நிற்கிறது. அரசின் சின்னம் கருடன். நுண்கலைத் துறையின் சின்னம் பிள்ளையார். அயுத்தயா என்னும் பழைய தலைநகரின் பெயர் அயோத்தியிலிருந்து வந்தது. இராமகாதையின் தாய்லாந்து வடிவம் பாங்காக் அரண்மனை வளாகத்திலுள்ள மரகத புத்தர் கோயிலின் சுற்றுச்சுவர் முழுவதும் 178 பகுதிகளாகத் தீட்டப்பட்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் கண்டு “எல்லாம் நம்முடையவைதாம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதே தமிழ்ப் பயணிகளிடம் நான் காணும் குறை. அவ்வாறு சொன்னவுடன் பார்ப்பது நின்றுவிடுகிறது. பாங்காக்கின் ராட்சபிரசோங் சந்திப்பில், 1956இல் ஒரு விடுதியின் கட்டுமானத்தில் நேர்ந்த தொடர் இடையூறுகளைப் போக்குவதற்காக நிறுவப்பட்ட நான்முகன் சன்னதியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் பிரம்மாவுக்குத் தனிக்கோயில் காண்பதே அரிது. அங்கே அவர் வேண்டிய வரம் தரும் கண்கண்ட தெய்வம். வேண்டுதல் நிறைவேறியவர்கள் பணம் கட்டி, மரபு உடையணிந்த நடனப் பெண்களை ஆடச் செய்கிறார்கள். மரத்தால் செய்த யானைகளைக் காணிக்கையாக வைக்கிறார்கள். அங்கிருந்து சிறிது தொலைவில், ஒரு பெரிய வணிக வளாகத்தின் முன்னால் திரிமூர்த்தி சன்னதி உள்ளது. வியாழக்கிழமை இரவுகளில் இளைஞர்கள் சிவப்பு ரோசாக்களும் சிவப்பு ஊதுபத்திகளும் ஏந்தி அங்கே திரள்கிறார்கள். அவர்கள் கேட்பது காதல் துணை. மும்மூர்த்திகளிடம் போய் அதைக் கேட்பது நமக்குப் பழக்கமில்லாதது. தெய்வம் கடல் கடந்து போனது. அதனிடம் என்ன கேட்பது என்பதை அந்த மண்ணே முடிவு செய்திருக்கிறது.

வீடு, வங்கி, பெட்ரோல் நிலையம் என எதன் முன்னாலும் ஒற்றைத் தூண்மேல் நிற்கும் சிறு கோயிலைக் காண்பீர்கள். அது அந்த நிலத்தின் காவல் ஆவிக்கு உரியது. தினமும் பூவும் உணவும் படைப்பார்கள். உறிஞ்சுகுழல் செருகிய சிவப்பு ஃபான்டா புட்டியும் பெரும்பாலும் இருக்கும்.

தாய்லாந்து அரசவையில் திருவெம்பாவை பாடப்படுகிறது என்பது உண்மையா?

உண்மை, ஆனால் நாம் கற்பனை செய்வதுபோல அன்று. பாங்காக்கில் வாட் சுதாட் கோயிலுக்கு எதிரே 1784இல் முதன்முதலாக நிறுவப்பட்ட, சிவப்பு வண்ணம் பூசிய மாபெரும் ஊஞ்சல் தூண்கள் நிற்கின்றன. அதற்கு அண்மையில் அரசவை அந்தணரின் தேவஸ்தானம் உள்ளது. அங்கே மார்கழி, தை மாதங்களை ஒட்டி நடைபெறும் விழாவின் பெயர் ‘திரியம்பவாய், திரிபவாய்’. திருவெம்பாவை, திருப்பாவை என்ற இரு பெயர்களின் திரிபே இது என அறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்விழாவில் ஓதப்படும் பாடல்களில் தமிழ்த் திருமுறைப் பாடல்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஆனால் பல தலைமுறை வாய்வழியாக வந்ததில் ஒலிப்பு மிகவும் மாறிவிட்டதால், நேரில் கேட்கும் தமிழருக்கு அவை தமிழென்று எளிதில் பிடிபடமாட்டா.

ஊஞ்சலில் நின்றபடி வானளாவ ஆடி, மூங்கிற் கழியின் உச்சியில் கட்டிய பொற்காசுப் பையைப் பல்லால் கவ்வும் சடங்கு 1935இல் கைவிடப்பட்டது. இப்போது ஊஞ்சலில் தூண்கள் மட்டுமே உள்ளன, பலகை இல்லை.

தமிழரோடு தொடர்புடைய வேறு இடங்கள் உண்டா?

பாங்காக்கின் சீலோம் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. நவராத்திரி முடிவில் அம்மன் உலா வரும் இரவு அந்தச் சாலையே அடைக்கப்படுகிறது. இருமருங்கிலும் சாமந்திப் பூவும் தேங்காயும் மஞ்சள் நீரும் வைத்துப் பந்தலிட்டுக் காத்திருப்போரில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்களே.

வரலாற்றுத் தடயங்கள் தெற்கில் கிடைத்துள்ளன. கிராபி மாவட்டத்துக் குவான் லுக் பாட்டில், பொன் உரைத்துப் பார்க்கும் கல்லொன்றில் ‘பெரும்பதன் கல்’ என்ற தமிழ்ப் பிராமி எழுத்துகள் காணப்பட்டன. அது பொற்கொல்லர் ஒருவரின் கருவி. தகுவா பா பகுதியில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ‘அவனிநாரணம்’ என்ற குளத்தையும், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் குறிப்பிடுகிறது.

மேற்கே காஞ்சனபுரிக்குச் செல்பவர்கள் குவாய் ஆற்றுப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படை அமைத்த, அப்பாலத்தையும் உள்ளடக்கிய 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்களும் பெருந்தொகையினராக உழைத்து மாண்டனர். இறந்த ஆசியத் தொழிலாளரின் எண்ணிக்கை போர்க்கைதிகளின் எண்ணிக்கையைவிடப் பன்மடங்கு மிகுதி. போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த கல் இருக்கிறது. தொழிலாளருக்கு அப்படிப் பெயர் பொறித்த கற்கள் இல்லை என்பதை அறிந்துகொண்டு அங்கே செல்வது நல்லது.

சித்திரைப் புத்தாண்டும் அவர்களது சாங்கிரானும் ஒன்றா?

வேர் ஒன்று, இரண்டும் கதிரவன் மேட ராசியில் புகுவதை ஒட்டியவை. அங்கே ஏப்ரல் 13 முதல் 15 வரை அரசு விடுமுறை. தெருவில் நீர்த்துப்பாக்கியோடு நடக்கும் ஆரவாரத்தையே பயணிகள் காண்கிறார்கள். வீட்டுக்குள் நடப்பது வேறு: பிள்ளைகள் மண்டியிட்டுப் பெரியவர்களின் உள்ளங்கையில் நறுமண நீரை வார்த்து வாழ்த்துப் பெறுகிறார்கள், புத்தர் திருவுருவை நீராட்டுகிறார்கள், ஆண்டு முழுவதும் காலில் ஒட்டி வெளியேறிய மண்ணை ஈடுசெய்ய, கோயில் வளாகத்தில் மணலைக் கொட்டிச் சிறு தூபிகள் எழுப்புகிறார்கள். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ இவ்விழாவை மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்நாட்களில் பேருந்து, தொடர்வண்டி இடங்கள் முன்கூட்டியே நிரம்பிவிடும். கைப்பேசியை நீர்புகா உறையில் போட்டுக்கொள்ளுங்கள். துறவியர் மீதும் முதியோர் மீதும் நீரை வீசக் கூடாது.

சைவ உணவு உண்பவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் “இறைச்சி வேண்டாம்” என்று சொன்னால் போதாது. மீன் சாறு அங்கே நமக்கு உப்பு எப்படியோ அப்படி. பெரும்பாலான குழம்பு விழுதுகளில் இறால் விழுது சேர்கிறது. பப்பாளிக்காய்ச் சாலட்டில் உலர் இறால் விழும். கேட்க வேண்டிய சொல் ‘ஜே’. சீன மரபிலிருந்து வந்த இந்த நோன்புணவில் புலால், முட்டை, பால் மட்டுமன்றி வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. இந்த உணவு விற்கும் கடையில் மஞ்சள் கொடி தொங்கும். அதிலுள்ள சிவப்பு எழுத்து, தொலைவிலிருந்து பார்த்தால் 17 என்ற எண்ணைப் போலத் தெரியும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் வரும் ஒன்பது நாள் நோன்பின்போது (பெரும்பாலும் அக்டோபரில்) நாடெங்கும் இக்கொடிகள் பறக்கும். புகெட் தீவில் அது பெருவிழா.

துளசியைப் பற்றி ஒரு சொல். மிளகாய், பூண்டோடு இறைச்சியை வதக்கி, கடைசியில் கைநிறைய இலையை அள்ளிப் போட்டுச் சோற்றின்மேல் கொட்டித் தரும் ‘பாட் கப்ராவ்’ அங்கே அன்றாட மதிய உணவு. அந்த இலை நம் மாடத்துத் துளசியேதான். முதன்முறை அந்த மணம் வாணலியிலிருந்து எழும்போது நம்மவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கையால் சாப்பிடலாமா?

சோற்றைக் கரண்டியால் உண்பார்கள். முள்கரண்டி இடக்கையில் இருந்து உணவைக் கரண்டிக்குள் தள்ளித் தரும், வாய்க்குள் போகாது. நூடுல்சுக்குக் குச்சிகள். வடக்கிலும் வடகிழக்கிலும் பசைச்சோற்றைக் கையால் சிறு உருண்டையாகப் பிடித்துத் தொட்டு உண்பது வழக்கம்; அங்கே நம் கைக்கு வேலை உண்டு. உணவை நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்துண்பதால், முதலில் ஒரு கரண்டி மட்டும் எடுத்துக்கொண்டு, பிறகு மீண்டும் எடுப்பதே நாகரிகம்.

கடையில் பேரம் பேசலாமா? தகராறு வந்தால் என்ன செய்வது?

தெருச் சந்தையில் பேசலாம். விலை ஒட்டிய கடையிலும் உணவுக் கடையிலும் பேசக் கூடாது. குரலை உயர்த்துவது மட்டும் எங்கும் வேலைக்கு ஆகாது. நம் ஊரில் உரக்கப் பேசினால் காரியம் நடக்கும் என்ற நம்பிக்கை நமக்கு ஆழமாக இருக்கிறது. அங்கே சத்தம் போட்டவர்தாம் மதிப்பிழப்பார். எதிரே நிற்பவர் புன்னகைத்தபடியே உதவி செய்வதை நிறுத்திவிடுவார். ஒரு விடுதியில் முன்பதிவுக் குழப்பத்துக்காக நம்மவர் ஒருவர் மேசையைத் தட்டிப் பேசியதைக் கண்டேன். வரவேற்பாளர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு உள்ளே போனார்; வெகுநேரம் வெளியே வரவே இல்லை. பின்னால் நின்ற மூதாட்டி மெல்லிய குரலில் சொன்ன அதே குறை அதற்குள் மற்றொருவரால் தீர்க்கப்பட்டுவிட்டது.

அரண்மனை வாசலருகே “இன்று மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்கு அழைத்துச் செல்கிறேன்” என்று யாராவது நயமாகச் சொன்னால், நன்றி கூறிவிட்டு நேராக நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்துக்கே போங்கள். அந்தப் பயணம் பெரும்பாலும் ஒரு நகைக்கடையில் போய் முடியும்.

அரச குடும்பத்தைப் பற்றிப் பேசலாமா?

வேண்டாம். குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு அரசரை, அரசியை, பட்டத்து வாரிசை இழிவுபடுத்துவோருக்கு ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கிறது, வெளிநாட்டவருக்கும் விலக்கில்லை. அரசரின் உருவம் பதித்த பணத்தாள் காற்றில் பறந்தால் காலால் மிதித்து நிறுத்த வேண்டாம்.

காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நாட்டுப்பண் ஒலிக்கும்போது பொது இடங்களில் நின்றுவிடுங்கள். மாலையில் பாங்காக்கின் லும்பினி பூங்காவில் இருந்தால் இதைத் தெளிவாகக் காணலாம்: ஓடிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கானோர் வியர்வை வழிய அப்படியே நிற்கிறார்கள், பண் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறார்கள்.

பாங்காக் நகருக்குள் பயணம் செய்ய எது வசதி?

மேம்பாலத் தொடர்வண்டி எளிது. ஆனால் மக்களைப் பார்க்க வேண்டுமானால் சேன் சேப் கால்வாய்ப் படகில் ஏறுங்கள். வேலைக்குச் செல்வோர் நிறைந்த அந்தப் படகு கணநேரமே துறையில் நிற்கும், தயங்கினால் போய்விடும். எதிர்ப்படகு கிளப்பும் அழுக்கு நீர் தெறிக்காமலிருக்க, ஓரத்தில் அமர்ந்திருப்பவர்கள் கயிற்றை இழுத்து நெகிழித் திரையைத் தாமே உயர்த்துகிறார்கள். ஓர இடம் உங்களுக்குக் கிடைத்தால் அந்த வேலையும் உங்களுடையதே. தலைக்கவசம் அணிந்த நடத்துநர் படகின் வெளி விளிம்பில் நடந்தபடி, தாழ்வான பாலம் வரும்போது குனிந்து நிமிர்ந்து, சீட்டுக் கொடுக்கிறார்.

கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும். சுவரில் கைக்குழாய் மாட்டியிருப்பார்கள்.

நினைவுப் பொருளாகப் புத்தர் சிலை வாங்கி வரலாமா?

நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல நுண்கலைத் துறையின் அனுமதி தேவை; பழைய சிலையானால் கிடைப்பது அரிது. கழுத்தில் அணியும் சிறு புத்தர் பதக்கத்தைப் பொதுவாகத் தடுப்பதில்லை. வரவேற்பறை அலங்காரத்துக்காகப் புத்தரின் தலையை மட்டும் வாங்குவது அந்நாட்டவர் மனத்தைப் புண்படுத்தும். அது கூடாது என்று அறிவிப்புப் பலகைகளே வைத்திருக்கிறார்கள். கையில் பணமிருந்து எதையேனும் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பெட்சபூன் மாகாணத்தின் இனிப்புப் புளி இருக்கிறது; விமானத்தில் கொண்டுவரும் முன் நம் நாட்டுச் சுங்க விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.